24 வோல்ட் லாரியில் 12 வோல்ட்: ஒற்றை பேட்டரியில் எடுப்பதா, கன்வெர்ட்டர் வைப்பதா?

சம்பா அறுவடைக்கு முன்னால் எங்கள் லாரிக்கு ஒயரிங்கைப் புதிதாகப் போட்டபோது இந்தக் கேள்வி வந்தது. பெரிய லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 ஆக்கியிருப்பார்கள். ஆனால் நாம் வாங்கி மாட்டும் பாட்டு செட், ஆம்ப்ளிஃபயர், சின்ன ஃபேன் எல்லாம் பெரும்பாலும் 12 வோல்ட். செல்போன் சார்ஜரும் ஜிபிஎஸ் கருவியும் மட்டும்தான் உங்கள் தேவை என்றால் மேலே படிக்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை 24-ஐ நேரடியாகத் தாங்கும், மேலே அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்கினால் போதும்.

நான் 24-ஐ 12 ஆக்கித் தரும் கன்வெர்ட்டர் பக்கம். அதையே வைத்திருக்கிறேன்.

ஒற்றை பேட்டரியில் எடுப்பது சுலபம், செலவும் இல்லை. மைனஸ் வண்டி பாடியோடு (எர்த்) சேர்ந்திருக்கிற பேட்டரியின், அதாவது கீழ் பேட்டரியின், பிளஸ்ஸில் ஒரு ஒயர், வேலை முடிந்தது. தவறிப்போய் மற்றதில், அதாவது மேல் பேட்டரியில், எடுத்தால் செட்டின் மைனஸே பாடிக்கு 12 வோல்ட் மேலே நிற்கும். செட் வண்டி பாடியில் பட்டால் அந்த இடத்திலேயே ஷார்ட்.

சரியான பேட்டரியில் எடுத்தாலும் கெடுதல் இருக்கிறது, அது மெதுவாக வரும். சார்ஜ் ஏற்றும் டைனமோவுக்கு இரண்டு பேட்டரியும் சேர்ந்த மொத்தம்தான் தெரியும். அது 28.2 வோல்ட் கொடுத்தால் ஆளுக்கு 14.1 போக வேண்டும். கீழ் பேட்டரி தினமும் தனியாக இறங்கினால் அது 13.3-இல் நிற்க, மேலது 14.9-க்குப் போகும். மொத்தம் அதே 28.2 என்பதால் டேஷ்போர்டு மீட்டர் ஒன்றும் சொல்லாது. கீழது அரைச் சார்ஜிலேயே கிடந்து தகட்டில் சல்ஃபேட் படியும். மேலது கொதித்துத் தண்ணீரை இழக்கும். ஒன்றில் மட்டும் அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருந்தால் இதையும் சந்தேகப்படுங்கள். கடைசியில் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், பழையதோடு புதியதைக் கோத்தால் புதியதும் சீக்கிரம் போய்விடும்.

நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடும் வண்டிக்கு இது அவ்வளவு உறைக்காது. நம் பக்கத்து ஓட்டம் வேறு. தை, மாசியில் நெல் கொள்முதல் நிலையத்தில் சிப்பம் ஏற்றக் காத்திருப்பு, அப்புறம் கிடங்கு வாசலில் இறக்க வரிசை. இன்ஜின் நிற்கும், பாட்டும் ஃபேனும் ஓடும். கிளம்பும்போது செல்ஃப் மோட்டாருக்கு இரண்டு பேட்டரியும் ஒரே அளவு கரண்ட் கொடுத்தாக வேண்டும். ஒன்று வலுவிழந்து கிடந்தால் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியதுதான்.

கன்வெர்ட்டர் 24-ஐ முழுதாக எடுத்துக்கொண்டு 13.8 வோல்ட் தருகிறது. செட்டுக்கு 10 ஆம்ப் வேண்டுமென்றால் உள்ளே ஏறத்தாழ 6 ஆம்ப்தான் இழுக்கும், அதுவும் இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாக. காத்திருப்பில் பேட்டரி இறங்காது என்று இல்லை, இரண்டும் சேர்ந்து இறங்கும். அதனால் வோல்ட் குறைந்தால் தானே நின்றுவிடும் வசதி உள்ளதாகப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் சில டிராப்பர்கள் மிச்ச வோல்ட்டைச் சூடாக்கியே கழிக்கின்றன. 5 ஆம்ப்புக்கே 60 வாட் சூடு. அதை வாங்க வேண்டாம்.

ஈக்வலைசர் என்று மூன்றாவது வழியும் உண்டு. ஒற்றை பேட்டரியில் எடுத்தாலும் இரண்டையும் அதுவே சமன் செய்யும். நண்பர் வண்டியில் பார்த்ததோடு சரி, ஒரு ஐப்பசி மழையில் வைத்து ஓட்டிப் பார்க்காமல் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல மாட்டேன்.

எதை வைத்தாலும் ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். வைக்கோல் ஏற்றும் வண்டியில் ஃப்யூஸ் இல்லாத ஒயர் உரசினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எர்த் விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. கன்வெர்ட்டரின் மைனஸைக் கேபினில் கிடைத்த போல்ட்டில் மாட்டாமல், சேஸின் மெயின் எர்த் வரை தனி ஒயராகக் கொண்டுபோங்கள். பெயின்டைச் சுரண்டி, ஒயர் முனையில் உள்ள லக்கை இறுக்கி, அதன் பிறகு மேலே கிரீஸ். வேதாரண்யம் பக்கத்து அகஸ்தியம்பள்ளியில் உப்பு ஏற்றுகிற வண்டிகளில் இன்ஜினுக்கும் சேஸுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை சீக்கிரம் அரித்துவிடும். அது போனால் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் வேறு வழி தேடி, கண்ட்ரோல் கேபிள் வழியாகவும் செட்டின் மெல்லிய எர்த் ஒயர் வழியாகவும் பாயும், ஒயரே உருகும். ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் பட்டையைக் கழற்றித் தேய்க்க வேண்டும். உப்பு ஏற்றும் வண்டியென்றால் ஒவ்வொரு வாட்டர் சர்வீஸுக்குப் பிறகும் இதைப் பார்த்துவிடுங்கள்.