பயாப்ஸிக்குப் போகிறவர்களே, காலிப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

ஒரே ஒரு பயாப்ஸிக்காக, அதாவது சின்னச் சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பதற்காக, அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கு மூன்று முறை அலைந்திருக்கிறேன். கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டி, இரண்டு மாதமாகியும் வற்றவில்லை. காசநோயாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்று எங்கள் ஊர் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். நாங்கள் போனது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

முதல் நாள் வெறும் வயிற்றோடு விடியக்காலை பஸ் ஏறினோம். தியேட்டர் வாசலில் வைத்துத்தான் நர்ஸ் கேட்டார், "ரத்தம் இளகுற மாத்திரை எதுவும் சாப்பிடுதாங்களா?" அம்மாவுக்கு இதய ரத்தக்குழாயில் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, அதற்காக க்ளோபிடோக்ரெல் என்ற ரத்தம் இளகுற மாத்திரை தினமும் உண்டு. தேதி வாங்கிய அன்றே மருந்துச் சீட்டைக் காட்டியிருந்தேன், யாரும் குறித்து வைக்கவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு இதய டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்னபடி 5 நாள் நிறுத்தினோம். தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்.

இரண்டாம் முறை போனபோது நாலு தாளை நீட்டினார்கள். முழுக்க ஆங்கிலம். என்ன செய்யப் போகிறார்கள், யார் செய்கிறார், என்ன ஆபத்து என்று எழுத வேண்டிய இடமெல்லாம் காலி. பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, "இதுல மட்டும் போடுங்க சார்" என்றார்கள். கேட்டால் ஏசுவார்களோ என்று பயந்து போட்டுவிட்டேன். அம்மா நல்ல நினைவோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுயநினைவோடு இருக்கும் வயது வந்தவருக்காக வீட்டார் சம்மதம் கொடுக்க முடியாது, சோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இதெல்லாம் பிறகு தேடித் தெரிந்துகொண்டது.

கொஞ்ச நேரத்தில் உதவியாளர் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டுவந்து, "கீழ லேப்ல குடுத்துருங்க" என்று என் கையில் வைத்தார். உள்ளே புளியங்கொட்டை அளவு வெளிறிய சதை. மூடி சரியாகத் திருகவில்லை, சதை கெடாமல் இருக்க ஊற்றும் ஃபார்மலினின் நெடி கண்ணைக் கரித்தது. மேலே ஒட்டிய பிளாஸ்திரியில் "கழுத்து" என்று மட்டும், அதுவும் ஈரம் பட்டுக் கலைந்திருந்தது. பெயர் இல்லை, வயது இல்லை, உள்நோயாளி (ஐபி) நம்பர் இல்லை. லேபில் வாங்க மாட்டேன் என்றார்கள். திரும்ப மேலே ஏறினால், தட்டில் அதேபோல் இன்னும் இரண்டு பாட்டில்கள் இருந்தன. நர்ஸ் என் முகத்தைப் பார்த்து அம்மா பெயரைக் கேட்டு எழுதினார். என் கையில் இருந்தது அம்மாவுடைய சதைதானா என்று அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

எட்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. கிரானுலோமா (காசநோய் போன்றவற்றில் சதைக்குள் உண்டாகும் சின்ன அழற்சிக் கட்டி), காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பார்க்கவும் என்றிருந்தது. எதை வைத்துப் பார்ப்பது? ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும். காசநோய்ச் சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைத் தனியாக சலைன் (உப்பு நீர்) பாட்டிலில் அனுப்பியிருக்க வேண்டும். ஊர் டாக்டர் எழுதிய சந்தேகத்தை லேப் படிவத்தில் யாரும் ஏற்றவே இல்லை, அந்தக் கட்டமும் காலி. "எய்யா, திரும்பவும் வெட்டணுமா?" என்று அம்மா கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் முறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு பாட்டில், இரண்டிலும் பெயரும் நம்பரும். காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்குக் காசு வாங்கவில்லை. காசநோய்தான். அம்மா இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள், நெறி வற்றி வருகிறது.

யார் வீட்டிலாவது பயாப்ஸி இருந்தால், படிவத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், நிரப்பிய பிறகே கையெழுத்து, உடனே போனில் ஒரு படம். பாட்டிலைக் கையில் வாங்கும்போதே பெயரைப் பாருங்கள். வேறு டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தால் கண்ணாடி ஸ்லைடையும் சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவ ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002 மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது. அதைச் சொல்லித்தான் அம்மாவின் ஃபைலைப் பார்த்தேன். நான் காலியாகப் பார்த்த இடத்தில், "ஆபத்துகள் நோயாளியின் மொழியில் விளக்கப்பட்டன" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. என் கையெழுத்து நீல மை. அந்த வரி கறுப்பு.