பழைய லக்கி லூக் காமிக்ஸா, வண்ண மறுபதிப்பா?

சிரிப்புக் கௌபாய் லக்கி லூக்கின் கதைகளைத் தமிழில் தந்த, 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸின் பழைய கறுப்பு வெள்ளை இதழ்கள் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில் எப்போதாவதுதான் மாட்டும், மாட்டினாலும் சாணித்தாள் ஓரம் உதிரும், விலையோ யானை விலை.

புத்தகக் காட்சியில் கிடைக்கும் வண்ண மறுபதிப்பு வேறு ரகம். லக்கி லூக் துரத்தும் கொள்ளைக்காரர்களான டால்டன் சகோதரர்கள் நால்வரும் உயர வரிசையில் நிற்க, இருப்பதிலேயே குட்டையான ஜோ எப்போதும் கொதிப்பான். இந்தக் கூத்துக்கு எந்தத் தாளிலும் சிரிப்பு வரும். ஆனால் பின்னால் நிற்கும் கூட்டத்தை, இதை வரைந்த ஓவியர் மோரிஸ் மொத்தமாக ஒரே நீலத்திலோ சிவப்பிலோ முக்கிவிட்டு, நம் கண்ணை நேரே சேட்டை நடக்கும் இடத்துக்கு இழுப்பாரே, அது வண்ணத்தில்தான் பிடிபடும்.

விலை கொஞ்சம் கடிக்கும், சரி. சேகரிப்பவர்கள் பழசைத் தேடட்டும். முறுக்கு தின்ற கையோடு புரட்டும் வாண்டுக்கு மறுபதிப்பைத்தான் கொடுப்பேன்.