அதே சாயலா, வேறு குரலா?

முத்தியால்பேட்டை மாடி அறையில் ராக் வாசிக்கும் பையன்களின் பாடகர் வெளியூர் போய்விட்டார். டேப் சுற்றிய அவருடைய மைக் ஒயர் இன்னும் மூலையில் கிடக்கிறது. "அண்ணே, அவர மாதிரியே பாடுறவரா, வேற குரலா?" என்று கேட்டார்கள்.

பெரிய குழுக்களே திணறிய இடம் இது. அமெரிக்க ராக் குழு ஜர்னி 2007இல் ஆர்னெல் பினேடாவை யூடியூபில் கண்டுபிடித்தது. அதன் பழைய பாடகர் ஸ்டீவ் பெர்ரியின் சாயல் அப்படியே. பிரிட்டன் ராக் குழு குவீன் 2004இல் பாடகர் பால் ராட்ஜர்ஸோடு சேர்ந்தது. குவீனின் மறைந்த பாடகர் ஃப்ரெடி மெர்க்குரிக்குச் சம்பந்தமில்லாத, ப்ளூஸ் இசைக்குப் பழகிய தொண்டை.

பழைய பாட்டு:
சாயல் குரலுக்கு முதல் நாளே கைதட்டல்.
வேறு குரல் என்றால், கண்மூடிக் கேட்கிறவர் பல்லவியிலேயே கண்ணைத் திறந்துவிடுவார். அவருக்கு வேண்டியது பாட்டு மட்டுமல்ல, அதைக் கேட்ட வயசும்தான்.

புதுப் பாட்டு:
சாயல் குரலை "நகல்" என்பார்கள்.
வேறு குரலுக்கு இங்கேதான் வாய்ப்பு. பாடகர் பான் ஸ்காட் இறந்த 1980இலேயே ஏசி/டிசி என்ற ராக் குழு, புதுப் பாடகர் பிரையன் ஜான்சனோடு ஆல்பம் போட்டு ஜெயித்தது. ராட்ஜர்ஸோடு குவீன் போட்ட 2008 ஆல்பம் அந்த அளவு எடுபடவில்லை.

ஒத்திகை: வேறு குரலுக்குச் சுருதி மாற்றி, கிடாரையும் திரும்பப் பழகணும்.

ஜூன் 21 இசைத் திருவிழாவில் நாலு பழைய பாட்டு மட்டும் என்றால் சாயல் குரல் போதும். சொந்தப் பாட்டு போடுவதென்றால் வேறு குரல்தான். அப்புறம் கொஞ்ச நாள் திட்டு வாங்கணும், சரியா?