எவர்சில்வர் என்ற பெயரை நம்பி வாங்கிய கேஸ் கிரில்: மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு

2022 தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பு, மலேசியாவின் பந்திங்கில் எங்கள் வீட்டுப் பின்வாசல் கூரையின் கீழ் வைப்பதற்காக, மூன்று பர்னர்கள் கொண்ட கேஸ் கிரில் ஒன்றை 1,480 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். அது எப்படிச் சமைக்கிறது என்று எழுத நான் இங்கு வரவில்லை. கோழியும் மீனும் நன்றாகவே வேகின்றன. கடையில் நிற்கும்போது முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்த அதன் மேனி இந்த மூன்று ஆண்டுகளில் என்ன ஆனது, அதைக் காப்பாற்ற நான் வாங்கிய பொருள்களில் எது காசுக்குத் தகுந்தது, எது தகாதது என்பதுதான் இந்த மதிப்புரை.

முதலில் பொருளைப் பற்றி. விற்பனைத் தாளில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று ஒரே சொல்லில் போட்டிருந்தாலும், வீட்டுக்குக் கொண்டு வந்து பிரித்தபோது அது நான்கைந்து விதப் பொருள்களின் சேர்க்கை என்பது தெரிந்தது. மூடியும் முன்பலகையும் மட்டுமே துருப்பிடிக்காத எஃகு. மூடியின் இரு பக்கக் கன்னங்கள் வார்ப்பு அலுமினியம். கீழ் அலமாரியும் பக்கத் தட்டுகளும் சாதாரண இரும்புத் தகட்டின் மேல் பவுடர் கோட்டிங் செய்யப்பட்டவை. குமிழ்களோ குரோம் முலாம் பூசிய பிளாஸ்டிக். ஒவ்வொன்றுக்கும் துடைக்கும் முறை வேறு என்பதை விளக்கக் கையேட்டில் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார்கள். அந்த ஒரு வரியை நான் படித்தது இரண்டாம் ஆண்டில்.

மூடியில் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், பச்சென்று ஒட்டிக்கொண்டது. ஏமாற்றிவிட்டார்களோ என்ற எண்ணத்தோடு, எங்கள் ஊரில் நெடுங்காலமாக இரும்புக்கடை நடத்தும் அண்ணனிடம் போய்க் கேட்டேன். “காந்தம் ஒட்டினா போலின்னு அர்த்தம் இல்ல தம்பி. அது 430. கொஞ்சம் கூடுதலா பார்த்துக்கணும், அவ்வளவுதான்” என்றார். அவர் சொன்னது சரியே. 304 என்ற வகையில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். அதில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. 430 வகையில் குரோமியம் 16 முதல் 18 விழுக்காடு வரை இருந்தாலும் நிக்கல் ஏறக்குறைய இல்லை. விலை குறைவு, காந்தம் ஒட்டும், உப்புக்கு எளிதில் தோற்கும். இரண்டையும் துருவிலிருந்து காப்பது ஒன்றே: குரோமியம் காற்றோடு சேர்ந்து மேற்பரப்பில் தானாகவே உண்டாக்கிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத, மயிரிழையின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே உள்ள ஓர் ஆக்சைடு ஏடு. சுரண்டினால் அது மீண்டும் வளரும். ஆனால் குளோரைடு, அதாவது உப்பு இனம், அந்த ஏட்டை ஊசி முனையளவு ஓட்டைகளாகத் துளைத்து உள்ளே இறங்கும். நாம் இதற்கு ‘எவர்சில்வர்’ என்று பெயர் வைத்து, சாப்பாட்டுத் தட்டு முதல் தண்ணீர்ச் செம்பு வரை தலைமுறைகளாகப் புழங்கி வருவதால், ஒன்றுமே ஆகாது என்ற நம்பிக்கை நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. தட்டை நாம் மூன்று வேளையும் கழுவிக் கவிழ்க்கிறோம் என்பதையும், வெளியில் நிற்கும் அடுப்பை அப்படிச் செய்வதில்லை என்பதையும் மறந்துவிடுகிறோம்.

எங்கள் ஊரின் காற்றும் இதற்கு உதவுவதில்லை. ஒரு பக்கம் மோரிப் கடல், மறுபக்கம் செம்பனைத் தோட்டங்கள். செம்பனை எண்ணெய் ஆலையின் கொதிகலன் பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரிப்பதால், காற்று எங்கள் தாமான் (குடியிருப்பு) பக்கம் திரும்பும் நாள்களில் மூடியின் மேல் மெல்லிய கரும்பொடி படிந்திருக்கும். தொடக்கத்தில் நான் அதைக் காய்ந்த துணியால் தட்டித் துடைத்து வந்தேன். அது பெரிய தவறு. அந்தச் சாம்பலில் மணற்சத்து மிகுதி. சிமெண்டின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பயன்படுத்தலாமா என்று ஆராயும் அளவுக்கு மிகுதி. பாட்டிமார் லயத்து வீட்டில் சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்ததன் சூட்சுமத்தில் சுரண்டலுக்கும் பங்குண்டு. பாத்திரத்துக்கு ஆகும் அந்தச் சுரண்டல் மெருகிட்ட மூடிக்கு ஆகாது. காலை வெயில் சாய்வாக விழும்போது, என் கைவீச்சின் வடிவிலேயே வட்ட வட்டமாகக் கீறல்கள் இன்றும் தெரிகின்றன. இப்போது முதலில் தண்ணீரை ஊற்றிப் பொடியை ஓடவிட்ட பிறகே துணியை எடுக்கிறேன்.

ஆனால் சாம்பலையும் கடலையும் சேர்த்து வைத்தாலும், என் மச்சான் ஒரே இரவில் செய்த சேதத்துக்கு ஈடாகாது. 2023 தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு முடிந்து, எல்லோரும் களைத்துப் படுத்த பின், உதவி செய்கிறேன் என்று அவர் அடுப்பு முழுவதையும் பிளீச் கலந்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, கைப்பிடியைச் சுற்றியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கம்பி நாரால் தேய்த்து, கழுவாமல் அப்படியே அடுப்பின் போர்வையைப் போர்த்திவிட்டார். அவர் மனம் நல்ல மனம், அதில் ஐயமில்லை. நான்கு நாள் கழித்துப் போர்வையை விலக்கியபோது, கைப்பிடிக்கு மேலே மிளகு தூவியதுபோல் பழுப்புப் புள்ளிகள். அவற்றில் இரு வகை இருந்தன. ஒரு வகை, கம்பி நாரிலிருந்து உதிர்ந்து மேற்பரப்பில் பதிந்த சாதாரண இரும்புத் துகள்கள் துருப்பிடித்தவை. இவை சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி மெதுவாகத் தேய்த்ததும் போய்விட்டன. மற்ற வகை, பிளீச்சின் குளோரைடு துளைத்த குழிகள். நிறம் போனாலும் நகத்தை ஓட்டினால் இன்றும் தட்டுப்படுகின்றன. குழி விழுந்த எஃகை எந்தப் பசையும் நிரப்பாது.

புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் என்ன என்று அம்மா கேட்டார். குத்துவிளக்குக்கு அது கைகண்ட மருந்துதான். புளியின் அமிலம் பித்தளையின் கறுப்பைக் கரைத்துவிடும். எஃகுக்குப் புளி கெடுதல் இல்லை, கூடச் சேரும் உப்புதான் கெடுதல். அதனால் அந்த யோசனையை மரியாதையோடு ஒதுக்கி வைத்தேன்.

இனி, காசு கொடுத்து வாங்கியவை. எஃகுக்கு மெருகேற்றும் தெளிப்பான் ஒன்றை 32 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். அடித்துத் துடைத்த மாத்திரத்தில் மூடி புதுப்பொலிவு பெற்றது உண்மை. கைரேகைகள் மறைந்தன, கீறல்கள் கூட மங்கின. ஆனால் டப்பாவைத் திருப்பிப் படித்தால், வேலை செய்வது பெரும்பாலும் கனிம எண்ணெய்தான் என்பது விளங்கும். அது அழுக்கை நீக்குவதைவிட மேலே ஒரு மெல்லிய படலம் போர்த்துகிறது. இந்தப் படலம் இருமுனைக் கத்தி. ஈரத்தைத் தடுக்கும் என்பது நன்மை. அடுத்த முறை அடுப்பைச் சூடாக்கியதும் மூடியின் பின்விளிம்பில் மஞ்சளாகப் பொரிந்து ஒட்டிக்கொள்ளும் என்பதும், ஆலைச் சாம்பலை வா வா என்று அழைத்துப் பிடித்துவைக்கும் என்பதும் தீமை. குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஆயிலும் அடிப்படையில் கனிம எண்ணெயே. அதில் இரண்டு சொட்டைத் துணியில் விட்டு, சூடு அதிகம் ஏறாத முன்பலகையில் மட்டும் துடைத்தால் அதே பளபளப்பு சில காசில் கிடைத்துவிடுகிறது. தெளிப்பானை மீண்டும் வாங்கமாட்டேன். வாங்குபவர்கள், எரியும் அடுப்பருகே அதை அழுத்தவே கூடாது. உள்ளிருந்து தள்ளும் வாயு பெரும்பாலும் தீப்பற்றக்கூடியது.

அடுப்பு உட்புறம் துடைக்கும் நுரைத் தெளிப்பான் ஒன்றும் வாங்கி, வெளிப்புறத்தில் கைவைக்கும் முன்பே நிறுத்திக்கொண்டேன். அவற்றில் பல காஸ்டிக் சோடா கொண்டவை. அலுமினியக் கன்னத்தில் பட்டால் வெளிறிய திட்டு விழும்.

மூன்று ஆண்டுகளில் உண்மையில் பயன்பட்டது, பாத்திரம் கழுவும் திரவச் சோப்பும், இரும்புக்கடை அண்ணனிடம் 12 ரிங்கிட்டுக்கு மூன்றாக வாங்கிய மைக்ரோஃபைபர் துணிகளும்தான். கேஸ் தோம்பின் (சிலிண்டரின்) வால்வை மூடி, அடுப்பு கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின், வெதுவெதுப்பான சோப்பு நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, எஃகில் ஓடும் இழைக்கோடுகளின் போக்கிலேயே துடைக்க வேண்டும். உற்றுப் பார்த்தால் அந்தக் கோடுகள் இடமிருந்து வலமாக ஓடுவது தெரியும். குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு தேய்ப்பும் கீறலாக நிற்கும். பிறகு நல்ல நீரில் அலசிய துணியால் சோப்பை எடுத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். தானாகக் காயட்டும் என்று விட்டால் நீர்த்துளியின் விளிம்பு வெள்ளை வளையமாக நிற்கும். எல்லாம் சேர்த்து இருபது நிமிட வேலை. குமிழ்களின் இடுக்கில் மட்டும் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை இறங்கி, தீப்பொறிப் பொத்தான் இரண்டு நாள் மௌனம் சாதித்தது.

மூடியின் பின்பக்கத்தில் வைக்கோல் நிறமும் அதைத் தொடர்ந்து நீல ஊதாவும் படிந்திருப்பதைப் பார்த்துப் பலர் அழுக்கென்று நினைக்கிறார்கள். அது சூட்டால் தடித்த ஆக்சைடு ஏடு. சோப்புக்குப் போகாது, மெருகுப் பசைக்குப் போகும், ஆனால் அடுத்த சமையலில் திரும்பி வரும். நான் விட்டுவிட்டேன். மூடியின் உட்புறத்திலிருந்து கறுப்பாகச் செதில் உதிர்வதும் பெயிண்ட் அல்ல, கருகிய கொழுப்பு.

சாத்தேக்காக (குச்சியில் குத்திச் சுடும் இறைச்சி) ஊறவைத்த இறைச்சியின் மஞ்சள், பக்கத் தட்டின் வெளிர்நிறக் கோட்டிங்கில் பட்டபோது எனக்கு ஒரு வேடிக்கை நேர்ந்தது. அவசரத்தில் துணி துவைக்கும் தூளைப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் கறை கண்முன்னே செந்நிறமாக மாறியது. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பது போலத்தான் இதுவும்: காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். எலுமிச்சைச் சாற்றில் ஒற்றியதும் மஞ்சளுக்குத் திரும்பியது, ஆனால் மறையவில்லை. மறைத்தது வெயில். தட்டை மடக்கி நான்கைந்து நாள் வெயில் படும்படி வைத்ததில் கறை வெளுத்துப் போயிற்று. இதற்கென்று தனியாக ஒரு பொருளையும் வாங்க வேண்டியதில்லை.

பவுடர் கோட்டிங் செய்த அலமாரியைப் பொறுத்தவரை, எங்கள் வீட்டு 14 கிலோ தோம்பை உள்ளே இழுத்து நுழைத்ததில் கதவுச் சட்டத்தின் கீழ்விளிம்பு சுரண்டி, அந்த இடத்தில் மட்டும் துரு ஏறியது. உப்புத்தாளால் தேய்த்து, சூடு தாங்கும் கறுப்புப் பெயிண்ட் பூசியதோடு நின்றுவிட்டது. குரோம் முலாம் உரிந்த ஒரு குமிழுக்கு, விற்ற கடை உதிரிப்பாகம் தர மூன்று மாதம் இழுத்தடித்தது. அவர்களுக்கு இந்த வகையில் பாராட்டுச் சொல்ல வழியில்லை.

போர்வை கட்டாயம் வேண்டும், ஆனால் ஈர அடுப்பின் மேலோ சூட்டோடோ போடவே வேண்டாம். எங்கள் புழுக்கத்தில் உள்ளே வியர்த்து, நீர் இறங்க இடமின்றி, எஃகுக்கு மழையைவிட அதிகக் கெடுதல் செய்கிறது. வாரம் ஒருமுறையாவது விலக்கிக் காற்றாட விடுகிறேன். பல்லிகள் குடியேறாமல் இருக்கவும் அது உதவுகிறது.

இந்த விலையில் மீண்டும் வாங்குவேனா என்றால், அடுப்பை வாங்குவேன், எஃகு மூடியை வாங்கமாட்டேன். எனாமல் பூசிய கறுப்பு மூடி உள்ள வகை ஏறக்குறைய இதே விலைக்குக் கிடைக்கிறது. சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீரை ஊற்றாமலும், எதன் மீதும் இடித்துச் சில்லு பெயர்க்காமலும் பார்த்துக்கொண்டால், உப்புக்கும் சோப்புக்கும் அது அசையாது. இருக்கும் மூடிக்கு ஐந்தில் மூன்று கொடுக்கிறேன். கழித்த இரண்டில் ஒன்று தயாரித்தவர்களுக்கு, மற்றொன்று எங்கள் வீட்டுக்கு. இவ்வாண்டு திறந்த இல்லம் முடிந்ததும் மச்சான் மறுபடியும் துணியைத் தேடினார். சோப்பு நீரில் நானே நனைத்துப் பிழிந்து கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டேன்.