தாழ்ந்த காருக்கு மரச் சாய்தளம்: பலகை அடுக்கா, ஆப்புச் சட்டமா, முட்டுக் கட்டையா?

தரையை ஒட்டி ஓடும் காருக்குக் கடையில் விற்கும் சாய்தளம் பெரும்பாலும் ஒத்துவராது. டயர் அதைத் தொடுவதற்கு முன்பே பம்பரின் கீழ் விளிம்பு போய் இடித்துக்கொள்ளும். ஆயில் மாற்றவோ, அடியில் கழன்று தொங்கும் ஒரு கவரை மாட்டவோ நினைத்தவர் அங்கேயே நின்றுவிடுவார். மரத்தில் நாமே செய்துகொள்வதுதான் இதற்குச் சுலபமான வழி. ஆனால் எப்படிச் செய்வது என்பதில் மூன்று கட்சிகள் உண்டு. பலகைகளைப் படிபோல அடுக்குவது ஒன்று. சட்டம் கட்டி, மேலே பிளைவுட் போர்த்தி, ஆப்பு வடிவில் செய்வது இன்னொன்று. சாய்தளமே வேண்டாம், ஜாக்கியால் தூக்கி டயருக்கு அடியில் மரக்கட்டை முட்டு வைத்தால் போதும் என்பது மூன்றாவது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் காரை அளந்தாக வேண்டும். சமதரையில் நிறுத்தி, முன் டயர் தரையைத் தொடும் இடத்தில் ஒரு நூலின் நுனியை வையுங்கள். மறுநுனியை முன்பக்கம் இழுத்து, பம்பரின் கீழ் விளிம்பைத் தொட வையுங்கள். நூல் தரையோடு செய்யும் கோணம்தான் உங்கள் எல்லை. பம்பரின் நடுவில் அளக்காதீர்கள். சாய்தளம் வரப்போவது டயருக்கு நேர் முன்னால், அங்கேதான் அளக்க வேண்டும். சக்கர மையத்திலிருந்து 800 மி.மீ. முன்னால், தரையிலிருந்து 120 மி.மீ. உயரத்தில் விளிம்பு இருந்தால் கோணம் சுமார் எட்டரை டிகிரி வரும். கடைச் சாய்தளங்கள் பலவும் 15 டிகிரிக்கு மேல். இடிக்காமல் என்ன செய்யும்?

கோணம் குறைந்தால் நீளம் கூடும். 150 மி.மீ. உயரத்துக்கு 15 டிகிரியில் ஏற 560 மி.மீ. நீளம் போதும். அதே உயரத்தை 8 டிகிரியில் எட்ட 1070 மி.மீ. வேண்டும். மேலே டயர் உட்காரும் சமதளத்துக்கு இன்னும் 350 மி.மீ. சேர்த்தால் ஒன்றரை மீட்டரை நெருங்கிவிடும். தாழ்ந்த காருக்கான சாய்தளத்தில் உண்மையான சிக்கல் இந்த நீளம்தான். மரம் தாங்குமா என்று கவலைப்படுபவர்கள் நீளத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை.

மரம் தாங்குமா என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 1500 கிலோ காரில் முன்பக்கம் 60 சதவீத எடை இருந்தால், ஒரு முன் சக்கரத்துக்கு 450 கிலோ. டயர் தான் நிற்கும் தளத்தை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய அதன் காற்றழுத்தத்துக்குச் சமம். 2.2 பார் காற்று என்றால் அந்த 450 கிலோ சுமார் 200 சதுர சென்டிமீட்டரில் பரவி நிற்கிறது. கட்டட வேலைக்கு எடுக்கும் சாதாரண மென்மரம்கூடப் பலகையின் முகத்தில் இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் தாங்கும். ஆக, இடைவெளி இல்லாமல் அடுக்கிய மரம் நசுங்காது. அது நழுவலாம், கவிழலாம், கார் அதிலிருந்து உருளலாம். நம் கவனம் இந்த மூன்றின்மேல்தான் இருக்க வேண்டும்.

பலகை அடுக்கு பலருடைய விருப்பம், என்னுடையதும் அதுதான். 38 மி.மீ. தடிமன், 235 மி.மீ. அகலமுள்ள பலகை எடுத்துக்கொள்ளுங்கள். டயர் 225 மி.மீ. அகலத்தைத் தாண்டினால் 286 மி.மீ. பலகைக்குப் போய்விடுங்கள். ஒரு சாய்தளத்துக்கு நான்கு துண்டு: 1150, 900, 650, 400 மி.மீ. பின் முனைகளைச் சமமாக வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஒவ்வொரு அடுக்கையும் 70 மி.மீ. ஸ்க்ரூவால் இறுக்குங்கள். 75 போட்டால் இரண்டு பலகையின் 76 மி.மீ.யை நுனி தொட்டுவிடும், சற்று ஆழமாக இறங்கினாலே மறுபக்கம் எட்டிப் பார்க்கும். ஸ்க்ரூக்களை ஒரே நேர்கோட்டில் போடாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள்; ஒரே நார்க்கோட்டில் வரிசையாகத் துளைத்தால் பலகை அந்தக் கோட்டிலேயே பிளக்கும். மொத்த உயரம் 152 மி.மீ., எடை ஒன்றுக்கு 14 கிலோ அளவில் வரும். ஒருவரே தூக்கிவிடலாம்.

பம்பருக்கு இது எப்படி உதவுகிறது என்று பாருங்கள். 310 மி.மீ. ஆரமுள்ள டயர் முதல் பலகையின் விளிம்பைத் தொடும்போது சக்கர மையம் அந்த விளிம்புக்கு ஏறத்தாழ 150 மி.மீ. பின்னால் இருக்கும். மேலே சொன்ன காரில் பம்பர் அப்போது பலகைமேல் 650 மி.மீ. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் அடுக்கு மூன்று பலகை உயரம், அதாவது 114 மி.மீ. பம்பரோ 120-இல். ஆறே மி.மீ. இடைவெளியில் தப்பிக்கிறது. முதல் படி ஏறியதும் பம்பரும் கூடவே உயர்ந்துவிடும், அப்புறம் பயமில்லை. உங்கள் கார் இதைவிடத் தாழ்வு என்றால் படிகளுக்கு இடையே 250-க்குப் பதில் 300 மி.மீ. விட்டு நீளத்தைக் கூட்டுங்கள்.

அடுக்கில் ஒரு குறை இருக்கிறது, அதைப் பலரும் சொல்வதில்லை. செங்குத்தான 38 மி.மீ. படியில் ஏற, அந்தச் சக்கரத்தின் சுமையில் பாதிக்கும் சற்று மேலாகக் கிடைமட்டமாகத் தள்ள வேண்டியிருக்கும். இது வளையாத சக்கரத்துக்கான கணக்கு. டயர் நெளிந்துகொடுப்பதால் உண்மையில் குறையும் என்றாலும், கணிசமான தள்ளல்தான். அந்தத் தள்ளல் சாய்தளத்தின்மேலும் விழுகிறது, வழுவழுப்பான தரையில் அது முன்னோக்கி ஓடும். 8 டிகிரி ஆப்பிலோ ஏழில் ஒரு பங்கு சுமை அளவு தள்ளினாலே போதும். விளிம்பை 45 டிகிரியில் சீவிவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அந்தச் சீவல் விளிம்பு உடையாமல் காக்கும், அவ்வளவுதான். இந்த அளவு டயர் அந்தச் சரிவைத் தொடுவதே இல்லை. மேல் முனையைத்தான் தொடுகிறது.

வழி இரண்டு. இழைப்பு இயந்திரமோ பெரிய ரம்பமோ கைக்கு எட்டினால், ஒவ்வொரு பலகையின் முன் முனையையும் 110 மி.மீ. நீளத்துக்குச் சரிவாக இழைத்துவிடுங்கள். தேவையான தள்ளல் சுமையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். இயந்திரம் இல்லையா? ஒவ்வொரு படிக்கு முன்னாலும் 18 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றை இடைப்படியாக வைத்து ஸ்க்ரூ அடியுங்கள். கிட்டத்தட்ட அதே பலன். துண்டு 120 மி.மீ. நீளத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் பம்பருக்கு விட்ட இடைவெளியைத் தின்றுவிடும். எந்த வழியானாலும் பலகையை அடுக்கியபின் பம்பர் வரும் இடத்தின் உயரத்தை ஒருமுறை நேரில் அளந்து பாருங்கள். சாய்தளத்தின் அடியில் பழைய ரப்பர் பாயை ஆணியடித்து ஒட்டிவிட்டால் நழுவுவதும் அடங்கிவிடும்.

ஆப்புச் சட்டத்துக்கு வருவோம். ஏறுவதற்கு இதைவிடச் சுகமானது இல்லை. எடையும் குறையும். ஆனாலும் வீட்டில் செய்பவர்களுக்கு இதை நான் சொல்வதில்லை. காரணம், அடுக்கில் இல்லாத மூன்று பலவீனங்கள் இதில் வந்து சேர்கின்றன. செங்குத்தாக நிற்கும் விலாப்பலகைகள், மேலே நின்றபடி ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பக்கவாட்டில் சாயப் பார்க்கும். விலாக்களுக்கு இடையே பிளைவுட் வளைந்து சுமக்கிறது, அதில் ஈரம் ஏறினால் அடுக்கு விட்டுப்போகும். முன் முனை மெலிந்துகொண்டே போய் ஒன்றுமில்லாமல் முடிவதால் முதலில் நொறுங்குவதும் அதுதான். தச்சுவேலை நன்றாகத் தெரிந்தவர் செய்யலாம். ஒரு சாய்தளத்துக்கு நான்கு விலா, நடுநடுவே குறுக்குக் கட்டை, அடியிலும் ஒரு பிளைவுட் தரை என்று பெட்டியாகக் கட்ட வேண்டும். அவ்வளவும் செய்தபின் மிச்சமாகும் மரம் சொற்பம்.

முட்டுக் கட்டை வேறு வகையானது. 90 மி.மீ. சதுரக் கட்டையை 400 மி.மீ. துண்டுகளாக அறுத்து, அடுக்குக்கு இரண்டாகக் குறுக்கும் நெடுக்கும் வைத்து, மேலே இடைவெளி இல்லாத பலகைத் தட்டு போட்டு எல்லாவற்றையும் ஸ்க்ரூவால் பிணைத்துவிடுவது. இரண்டு அடுக்கும் தட்டுமாக 200 மி.மீ.க்கு மேல் உயரம் வரும்; உயரம் அகலத்தைத் தாண்ட விடாதீர்கள். ஜாக்கியால் தூக்கி, முட்டை டயருக்கு அடியில் தள்ளி, காரை அதன்மேல் இறக்க வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் வைத்தால் கார் சமமாக நிற்கும். கியர்பாக்ஸ் ஆயில் அளவு பார்க்க இந்தச் சமநிலை அவசியம். சாய்தளத்தில் மூக்கு தூக்கி நிற்கும் காரில் அந்த அளவு தப்பாகக் காட்டும். பம்பர் கோணம், நீளம், நழுவல் எதுவும் இதில் பிரச்சினையே இல்லை. இடம் இல்லாதவர்களுக்கும் இதுவே தோது.

ஆனால் தாழ்ந்த காரில் ஜாக்கியே உள்ளே போகாதே? இங்கேதான் ஒற்றைப் பலகை கைகொடுக்கும். 38 மி.மீ. பலகை ஒன்றை டயருக்கு முன்னால் போட்டு மேலே ஏற்றினாலே பல கார்களில் ஜாக்கி நுழையும் இடைவெளி கிடைத்துவிடும். வேறு எதுவும் செய்யாதவர்கள்கூட இரண்டு பலகைத் துண்டை அறுத்து வைத்துக்கொள்வது நல்லது. சக்கரத்தையே கழற்றும் வேலை என்றால் சாய்தளமும் முட்டும் பயன்படாது. அதற்கு ஜாக்கி ஸ்டாண்டுதான், அதாவது தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கி.

ஆயில் மாற்றம், சைலன்சர், அடிக் கவர் போன்ற வேலைகளை அடிக்கடி செய்பவர் அடுக்கைச் செய்துகொள்ளட்டும். வருடத்துக்கு ஒருமுறை காருக்கு அடியில் படுப்பவருக்கு முட்டு போதும். நீளமான அடுக்கை வைக்க இடமில்லை என்றால் முதல் இரண்டு பலகையை ஒரு துண்டாகவும் மேலடுக்கை இன்னொரு துண்டாகவும் செய்து, போல்ட் போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். சும்மா ஒன்றன்மேல் ஒன்று வைத்துவிட்டு ஏற்றக் கூடாது. துகள்பலகை, எம்.டி.எஃப் (மரநாரை ஒட்டி அழுத்திச் செய்யும் பலகை) எதிலும் வேண்டாம். தண்ணீர் பட்டால் ஊதி உதிரும். காலி உள்ளறையுள்ள சிமென்ட் பிளாக்கை மரத்துக்குப் பதிலாக வைக்கவே வைக்காதீர்கள். மரம் உடையுமுன் முனகும், விரிசல் காட்டும். பிளாக் எந்த அறிகுறியும் இல்லாமல் ஒரே நொடியில் நொறுங்கும்.

ஏற்றும்போது ஒருவர் வெளியே நின்று கை காட்டட்டும். மேல் பலகையின் கோடியில் குறுக்குக் கட்டை ஒன்றைப் போல்ட் போட்டு வையுங்கள், டயர் அதைத் தொட்டதும் நிறுத்துங்கள். அது எல்லை காட்டத்தானே தவிர, வேகமாக வரும் காரைத் தடுக்க அல்ல. நிறுத்தியதும் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். பின்பக்கத்தை ஏற்றியிருந்தால் இது இன்னும் முக்கியம். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டுமே பிடிக்கும், தரையில் நிற்கும் முன் சக்கரங்களை அது தொடாது. பக்கவாட்டில் நின்று காரை நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஜாக்கி ஸ்டாண்டு இருந்தால் காரின் சட்டத்துக்கு அடியில் துணைக்கு வைத்துவிட்டு, அதன் பிறகு அடியில் போங்கள். வேலை முடிந்ததும் மரத்தில் சிந்திய ஆயிலைத் துடைத்து, ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஈரம் படாத இடத்தில் நிமிர்த்தி வைத்துவிடுங்கள்.