தாடிப் புழுவெட்டுக்கு 'ஆறு மாத கோர்ஸ்': பணம் கட்டும் முன் படியுங்கள்

தாடையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடி கொட்டி வழவழவென்று ஆகிறது. வலி இல்லை, அரிப்பும் இல்லை. முதலில் கண்டு சொல்பவர் பெரும்பாலும் சலூன்காரர்தான்: "அண்ணே, புழுவெட்டு விழுந்திருக்கு." அன்று இரவு போனில் தேடினால் விளம்பரம் வரிசை கட்டும். வாட்ஸ்அப்பில் போட்டோ கேட்பார்கள். பத்து நிமிடத்தில் தீர்ப்பு: "வேர் உயிரோட இருக்கு, ஆறு மாச கோர்ஸ் போதும்." தைலம், பெயரில்லாத டப்பா க்ரீம், பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை, டெர்மா ரோலர் (நுண்ணிய ஊசிகள் பதித்த உருளை) எல்லாம் ஒரே பெட்டியில் வரும். முழுப் பணமும் முன்பணம், பில் கிடையாது. மூன்றாம் மாதம் "ஒண்ணும் முளைக்கலையே" என்று கேட்டால், "நடுவுல நிறுத்தினா முகம் பூரா பரவும்" என்று பயமுறுத்தி இன்னொரு பெட்டியைத் தலையில் கட்டுவார்கள்.

சூட்சுமம் அந்த ஆறு மாதத்தில்தான் இருக்கிறது. புழுவெட்டில் புழு எதுவும் இல்லை. நம் நோய் எதிர்ப்பு அணுக்களே முடியின் வேர்க்குமிழைத் தாக்குகின்றன. வேர் சாவதில்லை, வேலையை நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். அதனால் ஒன்றிரண்டு வட்டத்தோடு நிற்பவர்களில் பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முளைக்கும். முதலில் பூனைமுடி போல வெள்ளையாக வரும், பிறகு கறுக்கும். விற்பவர் விற்பது இந்தக் காலத்தைத்தான். அவர் காட்டும் 'முன்–பின்' படங்கள் பொய்யாக இருக்கத் தேவையே இல்லை. வெறும் தேங்காய் எண்ணெய் தடவியவருக்கும் அதே படம் கிடைத்திருக்கும். முளைக்காதவர்களின் படம் மட்டும் எங்கும் வராது.

பணம் போனதோடு முடிந்தால் பரவாயில்லை. லேபிள் இல்லாத டப்பா க்ரீமில் க்ளோபெட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு இருக்கலாம். முகத்தில் அதை வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து சிவக்கும், மெல்லிய ரத்தக்குழாய்க் கோடுகள் தெரியும், நிறுத்தினால் எரியும். 'நாட்டு வைத்தியம்' என்று பச்சைப் பூண்டையோ சேங்கொட்டை கலந்த தைலத்தையோ தேய்க்கச் சொன்னால் இன்னும் ஆபத்து. தோலை உறுத்தி முடி வரவைக்கும் முறை மருத்துவத்திலும் உண்டு, ஆனால் அங்கே மருந்தை நீர்க்க நீர்க்கக் கலந்து, அளந்து தடவுவார்கள். இங்கே தோல் வெந்து தழும்பாகிவிட்டால் உயிரோடு இருந்த வேரும் போய்விடும்.

பயோட்டினுக்கு வேறொரு சிக்கல். புழுவெட்டுக்காரர்களுக்குத் தைராய்டு கோளாறு சேர்ந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதலாம். அதிக அளவு பயோட்டின் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் சில ஆய்வக முறைகளில் தைராய்டைச் சோதிக்கப் பார்க்கும் ஹார்மோன்களில் டிஎஸ்எச் குறைவாகவும் டி4 அதிகமாகவும் காட்டும். இல்லாத தைராய்டு நோய்க்கு மாத்திரை எழுதப்படலாம். குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்திவிட்டு, டாக்டரிடமும் சொல்லுங்கள்.

தாடியில் முடி கொட்டினால் எல்லாம் புழுவெட்டும் அல்ல. செதில், சீழ், கட்டி இருந்து, முடியைப் பிடித்தால் வலியில்லாமல் கையோடு வந்தால் அது தாடிப் படர்தாமரையாக இருக்கலாம். மாடு கன்றோடு புழங்குபவர்களுக்கு இது வருவதுண்டு. முடியையும் செதிலையும் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். க்ரீம் வேர்வரை இறங்காது என்பதால் பல வாரம் பூஞ்சைக்கொல்லி மாத்திரைதான் வைத்தியம். இதன் மேல் ஸ்டீராய்டு தடவினால் சிவப்பு அடங்கினாற்போல் இருக்கும், பூஞ்சை உள்ளே பரவும். ரோலர் உருட்டினாலும் அதே கதிதான். போட்டோவைப் பார்த்து இந்த இரண்டையும் பிரிப்பதாகச் சொல்பவரை நம்பாதீர்கள்.

தோல் டாக்டர் தாடிப் புழுவெட்டுக்கு வழக்கமாகப் போடுவது ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. முகத்துக்கு மி.லி.க்கு 2.5 மி.கி. அளவு, அதாவது மி.லி.க்கு 10 மி.கி. உள்ள மருந்து ஒரு பங்குக்கு உப்புநீர் மூன்று பங்கு. மெல்லிய ஊசியால் ஒரு செ.மீ. இடைவெளி விட்டுத் தோலுக்குள் 0.05 முதல் 0.1 மி.லி. வரை, 4–6 வாரத்துக்கு ஒரு முறை. நீர்க்காமல் போட்டாலோ ஆழம் தப்பினாலோ கன்னத்தில் பள்ளம் விழும். அதனால் "எத்தனை மி.கி. போடுறீங்க?" என்று தயங்காமல் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவிலும் காட்டலாம். முடி வளரத் தடவும் மினாக்சிடில் துணை மருந்துதான், தாக்குதலை அது நிறுத்தாது. (வீட்டில் பூனை இருந்தால் அதன் மேல் படவே கூடாது, பூனைக்கு அது விஷம்.) நோய் அடங்காத நிலையில் தாடிக்கு முடி நட்டுத் தருகிறேன் என்று சொல்லும் கிளினிக்கிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள், நட்ட முடியையும் அதே அணுக்கள் தாக்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. லேபிள், உற்பத்தி உரிம எண், பேட்ச் எண் இல்லாத மருந்தைப் பற்றி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கலாம். டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம், தோல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பல வாரம் தடவியிருந்தால் எப்படி நிறுத்துவது என்பதையும் அவரே சொல்லட்டும்.