மார்பகப் புற்று எலும்பில் எப்படி? ஓர் இணைய வகுப்பு

அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் மார்பகப் புற்று எலும்பில் இருப்பதாகப் படித்துக் குழம்பிப்போய்த்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன். மொத்தம் ஆறு பாடங்கள். முதலாவது வெறும் முன்னுரை, தாண்டிவிடலாம்.

மூன்றாவது பாடத்துக்காகவே சேரலாம். கட்டியிலிருக்கும் ஒரு செல் பக்கத்துச் செல்லின் பிடியை விடுகிறது, நீண்டு நெளிந்து ரத்தக்குழாய்க்குள் புகுந்துவிடுகிறது. அப்படிப் புகுந்தவற்றில் பெரும்பாலானவை அங்கேயே செத்துப்போகின்றன. தப்பும் சிலவோ ரத்தத் தட்டணுக்களைப் போர்வை மாதிரி போர்த்திக்கொள்கின்றன! அனிமேஷனில் அந்த இடத்தை நாலு தடவை பார்த்தேன். கோபமாகவும் இருந்தது, வியப்பாகவும் இருந்தது.

அப்புறம் 1889இல் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் சொன்ன 'விதையும் மண்ணும்' கருத்து: புற்றுச் செல் விதை, அது போய்ச் சேரும் உறுப்பு மண், மண் ஒத்துப்போனால்தான் விதை முளைக்கும். குடல் புற்று கல்லீரலுக்குப் போவதற்கு ரத்தம் ஓடும் பாதையே பெரிய காரணம். எலும்பின் கதை வேறு. அங்கே குடியேறும் மார்பகப் புற்றுச் செல், எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. கரையும் எலும்பிலிருந்து கசியும் வளர்ச்சிப் பொருட்கள் திரும்பப் புற்றுக்கே தீனியாகின்றன. போய்ச் சேர்ந்த இடம் எலும்பு என்றாலும் அது மார்பகப் புற்றேதான், மருந்தும் அதற்கானதுதான். என் குழப்பம் அங்கே தீர்ந்தது.

குறைகள் உண்டு. புற்று பரவும் இன்னொரு வழியான நிணநீர்ப் பாதையை இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். தமிழ் வசன வரிகள் இயந்திர மொழிபெயர்ப்பு போலிருக்கிறது. ஓரிடத்தில் 'செல்' என்பது 'சிறை அறை' ஆகிவிட்டது. பல வருடம் உறங்கிக் கிடக்கும் செல்களைப் பற்றிக் கேள்வி அனுப்பி மூன்று வாரமாகிறது, இன்னும் பதில் இல்லை.